ஆயில் லைட் ஏன் எரியவில்லை

1

"சாவியைத் திருப்புங்க இபு! ஒரு திருப்பு போதும், ஸ்டார்ட் பண்ணிடாதீங்க!"

காருக்கு அடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக் யத்னோ, ஆயில் பிரஷர் சென்சாரிலிருந்து வயரைப் பிடுங்கினான். அதன் நுனியை இன்ஜின் இரும்பில் அழுத்திப் பிடித்தான். இப்போது டேஷ்போர்டில் அந்தச் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் டிரைவர் கஸ்மின் பொய்யர். எரியாவிட்டால் அவர் பிழைத்தார்.

"எரியுதா?"

டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்த கார் முதலாளி நிங்ஸி டேஷ்போர்டை நோக்கிக் குனிந்தாள்.

"இபு! எரியுதா, இல்லையா?"

[இங்கே நிறுத்துகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். வாரப் பத்திரிகையில் வளர்ந்த கைக்கு இந்த இடத்தில் தானாகவே பிரேக் விழும்.]

2

இந்தோனேசியாவில், செமாராங் நகரத்தில், யத்னோவின் பட்டறை பெஞ்சில், என் காரின் முறைக்காகக் காத்திருந்தபோது கிடைத்தது இந்தக் கதை. (அங்கே அம்மாவுக்கு 'இபு', ஐயாவுக்கு 'பாக்'.) எழுத உட்கார்ந்தால் ஆரம்பம் அமையவில்லை.

மழை கொட்டிய அந்த மாலையில், மலைப்பாதையில் ஒரு கார்—

(மழையே இல்லை. பட்டப்பகல்.)

கஸ்மின் நேர்மையானவர் என்பது ஊருக்கே—

(ஊருக்கு அப்படியொன்றும் தெரியாது.)

தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நிங்ஸியிடம் ஆறு வாடகைக் கார்கள். ஒன்றை ஓட்டுபவர் கஸ்மின். பயணியை இறக்கிவிட்டு, ஊங்காரான் மலை ஏற்றத்தில் தனியாகத் திரும்பும்போது ஆயில் முழுக்கக் கீழே ஒழுகி, இன்ஜின் ஜாம் ஆகி, நடுரோட்டில் கார் செத்துப்போனது. விளக்கு எரியவே இல்லை என்கிறார் கஸ்மின்.* எரிந்ததைப் பார்த்தும் ஓட்டி இன்ஜினைக் கொன்றுவிட்டார் என்கிறாள் நிங்ஸி. அவள் சொல்வது உறுதியானால் கஸ்மின் கையிலிருந்து சாவி போய்விடும். கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் அவள் ஒரு வார்த்தை போட்டால் போதும், சோலோ நகரம் வரைக்கும் அவருக்கு யாரும் கார் தர மாட்டார்கள்.

*சாவி போட்டதும் அந்த விளக்கு ஒரு நொடி எரிந்து காட்ட வேண்டும். எரியாததைக் கஸ்மின் கவனிக்கவில்லை. திட்டுவதற்கு முன், இன்று காலை உங்கள் காரில் எரிந்ததா என்று யோசியுங்கள்.

3

நிங்ஸியை வில்லியாக்க முயன்றேன். உதட்டுச் சாயம் பூசினேன், வளையல் குலுக்கினேன். ஒட்டவில்லை. லெபரான் பண்டிகைக்குக் கஸ்மின் வீட்டுக்கு அரிசி மூட்டை அனுப்பியவள் அவள். கெட்டவளாக இருந்தால் ஏமாற்றிவிடலாம். இவள் நிதானமாக யோசிப்பவள். அதுதான் வம்பு.

கஸ்மினிடமும் எனக்குச் சந்தேகம் உண்டு. யார் பேசினாலும் அவர்கள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பார். 'பணிவு' என்று எழுதி வைத்திருக்கிறேன். அப்படியே இருக்கட்டும்.

4

"எரியல," என்றாள் நிங்ஸி.

யத்னோ வெளியே உருண்டு வந்தான். டேஷ்போர்டைக் கழற்றி பல்பைச் சோதித்தான். பல்பு நன்றாக இருந்தது. அப்படியானால் கோளாறு நடுவில். மீட்டரை வைத்து வயரைத் தொடர்ந்தே போனான். பேட்டரிக்குப் பின்னால், கை நுழையாத சந்தில், வயர் அறுந்து செம்பு பச்சை பூத்துக் கிடந்தது.

"பாத்துக்கங்க இபு. எலி கடிச்சது, பழைய கடி. இங்க அறுந்தா சென்சார் கத்தினாலும் விளக்குக்குப் போய்ச் சேராது. பாக் கஸ்மின் சொன்னது சத்தியம்."

"எலி மேலயா கேஸ் போட முடியும்?"

"முந்தாநாள் என் சோத்தையும் தின்னுச்சு இபு. சேர்த்தே போடுவோம்."

பக்கத்தில் நின்று யத்னோவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்த கஸ்மின் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வேர்வை மட்டுமல்ல. பிறகு வாசல் பக்கம் போய், தெருவைப் பார்த்து நின்று, இனிப்புத் தேநீரை உறிஞ்சத் தொடங்கினார்.

என் முதல் பிரதி இங்கே முடிந்தது. வாய்மை வென்றது, எலி தோற்றது. நீங்களும் இங்கேயே பக்கத்தை மூடிவிடலாம். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

5

மூடவில்லையா? நிங்ஸியும் கிளம்பவில்லை.

"யத்னோ, ஒண்ணு சொல்லு. போன வருஷம் என் தம்பி காரும் இப்படித்தான் ஆயில் இல்லாம ஓடுச்சு. இன்ஜின் போறதுக்குள்ள நிறுத்திட்டானே, எப்படி?"

"அது... சத்தம் கேட்டிருக்கும் இபு. பேரிங் அடி வாங்குமில்ல. சம்மட்டியால அடிக்கற மாதிரி, ரோட்டுல போறவனே திரும்பிப் பாப்பா—"

யத்னோவின் வாய் பாதியில் நின்றது.

"ம். விளக்கு எரியல, சரி. அந்தச் சத்தம் இவருக்கு ஏன் கேக்கல?"

விளக்கு எரிந்திருந்தால் கஸ்மின் அசட்டையான டிரைவர். அசட்டையை நாலு திட்டு திட்டி மன்னிக்கலாம். அதற்கும் வழியில்லாமல், மீட்டரும் கையுமாக ஒவ்வொரு அங்குலமாக நிரூபித்துக் கொடுத்தவன் யத்னோ.

6

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) "ரேடியோவை அலற விட்டிருப்பார் இபு." அந்தக் காரில் ரேடியோ இல்லை. கழற்றச் சொன்னவளே நிங்ஸிதான்.

(ஆ) "சில இன்ஜின் சத்தமில்லாம செத்துடும்." வேறொரு மெக்கானிக்கிடம் ஒரு போன் போதும். அதற்குப் பிறகு யத்னோவின் பேச்சை அவள் நம்ப மாட்டாள்.

(இ) கஸ்மினையே கூப்பிட்டுக் கேட்டுவிடுவது.

நிங்ஸி அதைத் தொடங்கியேவிட்டாள். "பாக் கஸ்மின்," என்றாள். அவர் முதுகு அசையவில்லை. "பாக் கஸ்மின்!" தெருவைப் பார்த்து ஏதோ நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். நிங்ஸி மெல்ல யத்னோ பக்கம் திரும்பினாள்.

யத்னோ என்ன சொன்னான் என்பதை நான் எழுதப்போவதில்லை. நீங்களே அவன் வாயில் ஒரு பதிலை வையுங்கள். அதற்கு முன், இவ்வளவு நேரமும் உங்களிடம் மறைத்து வைத்திருந்ததைச் சொல்லிவிட வேண்டும்.

போன வருடக் காய்ச்சலோடு கஸ்மினுக்கு இரண்டு காதும் போய்விட்டன. எரியாத அந்த விளக்கை நம்பித்தான் அவர் ஓட்டிக்கொண்டிருந்தார்.