‘தா’ என்னும் வினைச்சொல்

அந்த வளவில் ஞானேஸ்வரியிடம் எவரும் ‘தா’ என்று கேட்பதில்லை. அப்படியொரு கட்டளையை யாரும் இட்டதில்லை. இருந்தும், முரசுமோட்டையில் இரண்டு வீடுகளும் எல்லோருக்கும் சமைக்கும் ஒரு குசினியுமாகக் கிடந்த அந்த வளவில், ஆறு மாதமாக அந்த வினைச்சொல் அவளை நோக்கி உச்சரிக்கப்படவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால், “செம்பு இஞ்சால வந்தால் நல்லம்” என்பார்கள். பூட்டின் திறப்பு வேண்டுமென்றால், “திறப்பு எங்கை கிடக்குதோ” என்று சுவரைப் பார்த்துச் சொல்வார்கள். அவளுடைய கணவன் சிற்றம்பலம் மட்டும் சில வேளைகளில் கையை நீட்டி விரல்களை மடக்கிக் காட்டுவார். அதுவும் பேச்சில்லாத சைகைதான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அவளுடைய தம்பி சஜீவனின் வயிற்றில், வலது இடுப்புக்குச் சற்று மேலே, அவளுடைய சிறுநீரகம் ஒன்று இருந்தது. ஊரார், “தமக்கைக்காரி குடுத்தவா” என்று தாராளமாகச் சொன்னார்கள். ‘குடுத்தவா’ வெளியே நிற்பவர்களின் சொல். அதைச் சொல்வதில் கூச்சமில்லை. ‘தா’ முகத்துக்கு நேரே, தனக்காகக் கேட்பவனின் சொல். சத்திரசிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த அன்று சஜீவன், “அக்கா, கொஞ்சம் தண்ணி தா…” என்று தொடங்கி, மிச்சத்தை விழுங்கிக்கொண்டான். இனியும் இவளிடம் எதைக் கேட்பது என்ற கூச்சம் அவன் முகத்தில் அப்படியே தெரிந்தது. அவனுடைய மனைவி மேனுகா அதைக் கண்டாள், சிற்றம்பலம் கண்டார். அன்றிலிருந்து அது வீட்டின் இலக்கணமாயிற்று.

ஆறாம் மாதக் கிளினிக்கில்தான் சிக்கல் தொடங்கியது. டொக்டர் வினோஜா இரத்தப் பரிசோதனைத் தாளை இரண்டு தடவை பார்த்தார்.

“சஜீவன், குளிசை ஒழுங்காப் போடுறீங்களோ?”

“ஓம் டொக்டர். காலமை எட்டு மணி, இரவு எட்டு மணி. வெறும் வயிறு.”

“ஒரு நேரமும் விடுபடேல்லையோ?”

“இல்லை.”

“இரத்தத்தில மருந்தின்ர அளவு காணாது. போன முறை கொஞ்சம் கூட்டின பிறகும் காணாது. இது குறைஞ்சால், உள்ளுக்கு இருக்கிறது பிறத்தியாரின்ர எண்டு உங்கட உடம்பு கண்டுபிடிச்சு அடிக்கத் தொடங்கும். சிறுநீரகம் போயிடும்.”

பக்கத்துக் கதிரையில் இருந்த ஞானேஸ்வரி டொக்டரைப் பார்க்கவில்லை; தம்பியைப் பார்த்தாள். சத்திரசிகிச்சைக்கு முன்பு அவன் மூன்று தடவை வேண்டாமென்று சொன்னவன். மூன்றாம் தடவை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்றின் அடியில் படுத்தபடி, வெளியே தலையை நீட்டாமலே சொன்னான். அவன் திருத்தும் இயந்திரங்களுக்கு அடியிலிருந்து வரும் எந்தச் சொல்லும் முடிவான சொல். அவளும் மேனுகாவும் சேர்ந்து அழுதுதான் அவனை இணங்கவைத்தார்கள். வேண்டாவெறுப்பாக வாங்கியதை அவன் இப்போது குளிசையைத் தவிர்த்துத் திருப்பி அனுப்புகிறானோ என்ற நினைப்பு, அந்தக் கதிரையில் இருக்கும்போதே அவளுக்குள் வந்துவிட்டது.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குச் செம்புத் தண்ணீருடன் அவள் அவன் முன்னால் நின்றாள். குளிசை தொண்டையால் இறங்கும்வரை நின்றாள். இரவு எட்டு மணிக்கும் வந்தாள். நான்காம் நாள் சஜீவன் பகிடியாக வாயைத் திறந்து நாக்கை நீட்டிக் காட்டினான். அவள் சிரிக்கவில்லை, நாக்கின் அடியையும் பார்த்தாள்.

“கோயில்ல ஐயர்கூடத் தீர்த்தம் குடிக்கிறவனை இப்பிடிப் பாக்கிறேல்லை,” என்றார் சிற்றம்பலம்.

“நீங்கள் சும்மா இருங்கோ.”

“நான் சும்மாதான் இருக்கிறன். உவன்தான் பாவம், வாயைத் திறந்துகொண்டு நிக்கிறான்.”

அந்தக் கிழமைதான் வளவிலிருந்த சிவப்புப் பேடு சோர்ந்துபோய்ச் சிறகைத் தொங்கவிட்டு நின்றது. அது பெரும்பாலும் மேய்வது சஜீவனின் வேலைக் கொட்டிலுக்குப் பின்னால். ஞானேஸ்வரி கோழியைப் பார்த்தாள், கொட்டிலைப் பார்த்தாள். தொண்டையில் இறங்கியது போலக் காட்டிவிட்டுக் குளிசையைக் கன்னத்தில் ஒதுக்கி, பின்னால் போய்த் துப்பினால்? இரண்டையும் அவளுடைய மனம் முடிச்சுப் போட்டுக்கொண்டது. ‘நான் தந்ததை எறியிறியோ’ என்று கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். ஆனால் அதைக் கேட்பதற்குரிய சொல்தான் வீட்டில் இல்லையே. ஆகவே அவள் கொட்டில் வாசலில் வந்து நின்றாள்.

“தம்பி, சிவப்புக் கோழி சோர்ந்துபோய் நிக்குது.”

“அதுக்கு நானென்ன செய்யிறது, அக்கா?”

“ஒண்டுமில்லை. இதுக்குப் பின்னாலை கிடந்து என்னத்தைத் திண்டுதோ தெரியேல்லை.”

அவன் இயந்திரத்திலிருந்து கையை எடுக்காமலே ஓம் என்றான். அவள் போய்க் கனநேரத்துக்குப் பிறகுதான் அவள் சொன்னது அவனுக்கு விளங்கியது. கையிலிருந்த, நட்டுக் கழற்றும் சாவியைக் கீழே வைத்தான். மறுமொழி சொல்ல எழுந்தான்; பிறகு இருந்துவிட்டான். ‘நீங்கள் தந்ததை நான் எறிவனோ’ என்ற மறுமொழிக்கும் அதே சொல்தான் வேண்டியிருந்தது.

அன்று மேனுகா அவனிடம் கேட்டாள்: “என்ன, முகம் ஒரு மாதிரிக் கிடக்குது?”

“நான் குளிசையைக் கோழிக்குப் போடுறனாம்.”

“ஆர் சொன்னது?”

“கோழிதான் சொல்லியிருக்கு.”

மேனுகா சிரித்தாள். அவன் சிரிக்காததைக் கண்டு நிறுத்தினாள். “மச்சாள் பயத்திலை இருக்கிறா. கோவத்திலை இல்லை.”

“தெரியும். அதுதானே கஷ்டம்.”

அடுத்த கிளினிக்கில் மருந்தின் அளவு இன்னும் குறைவாகவே இருந்தது. டொக்டர் கேள்வி கேட்பதற்கு முன்பே சஜீவன் சொன்னான்:

“என்னை வாட்டிலை மறிச்சு வையுங்கோ. ஐஞ்சு நாள். குளிசைப் பெட்டி உங்கட நேர்சிட்டை இருக்கட்டும். அவாவே கையாலை குடுத்து, நான் விழுங்கினதைப் பாக்கட்டும். அதுக்குப் பிறகு இரத்தத்தைக் குத்திப் பாருங்கோ.”

டொக்டர் வினோஜா அவனுக்கு வாட்டில் கட்டில் ஒழுங்கு செய்தார். ஐந்து நாளும் நேர்ஸ் குளிசை கொடுத்தார். ஐந்து நாளும் அவன் யாரும் கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டினான். ஆறாம் நாள் காலை எடுத்த இரத்தத்திலும் மருந்தின் அளவு காணாது. அந்தத் தாளைப் பார்த்து அவன் சந்தோஷப்பட்டதைப் பக்கத்துக் கட்டில்காரர்களால் விளங்கிக்கொள்ள முடியவில்லை. டொக்டர் குளிசையின் அளவை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கினார். பல்கலைக்கழக ஆய்வொன்றுக்காகச் சேகரிக்கும் இரத்த மாதிரிகளோடு அவனுடையதையும் அனுப்பினார்.

முடிவு வந்த அன்று நால்வரும் போனார்கள்.

“முதல்ல நான் ஒண்டு சொல்லோணும்,” என்றார் டொக்டர். “மருந்து காணாதெண்டதும், நீங்கள் போடேல்லையாக்கும் எண்டு நினைச்சிட்டன். அது என்ர பிழை. இப்ப மருந்து சரியான அளவிலை நிக்குது. சிறுநீரகமும் நல்லா இருக்கு.”

மேனுகா கண்ணைத் துடைத்தாள்.

“அப்ப ஏன் காணாமல் போனது?” என்றாள் ஞானேஸ்வரி.

“குடலிலையும் ஈரலிலையும் மருந்தை உடைக்கிற நொதியங்கள் இருக்கு. அதிலை ஒண்டு சில பேருக்கு வேலை செய்யாது. அவைக்குக் கொஞ்ச மருந்தே காணும். சஜீவனுக்கு அது நல்லா வேலை செய்யுது. அவரின்ர பரம்பரையலகிலை அப்பிடி எழுதியிருக்கு. எல்லாருக்கும் குடுக்கிற அளவை அவருக்குக் குடுத்தால், இரத்தத்துக்குப் போக முதலே கனக்க உடைஞ்சுபோகும்.”

“எங்கட மணல் துண்டு மாதிரி,” என்றார் சிற்றம்பலம். “மேல்வயலுக்கு விடுற அளவு தண்ணிதான் அதுக்கும் விடுறம். மேல்வயலிலை நிக்கும், மணல் குடிச்சிடும். அதுக்கு, தண்ணி பாய்ச்சிறவன் கள்ளன் எண்டு சொல்லுறதே?”

“நான் ஆரையும் கள்ளனெண்டு சொல்லேல்லை.”

“ஓமோம். கோழியைத்தானே கேட்டனீர்.”

“எந்தக் கோழி?” என்றார் டொக்டர்.

ஞானேஸ்வரி மடியிலிருந்த கைப்பையைத் திறந்து மூடினாள். “எல்லாம் நல்லாப் பொருந்தினதெண்டு சொன்னியள், டொக்டர்.”

“பொருந்தினதுதான். ஆனால் இந்த மருந்தை உடைக்கிறது முக்கியமா ஈரலும் குடலும். அது அவரின்ர சொந்தம். கூடப் பிறந்தாலும் இதிலை உங்களுக்கு வேற மாதிரி இருக்கலாம்.”

“அப்ப ஈரலையும் சேர்த்து நான்…” என்று தொடங்கியவள் நிறுத்திக்கொண்டாள். வரவிருந்த சொல் எது என்பது நால்வருக்கும் தெரிந்தது. சஜீவன் தலையைக் குனிந்து சிரித்தான்.

வளவுக்கு வந்து சேரும்போது மத்தியானம். படலையைத் திறந்ததும் சிவப்புப் பேடு முற்றத்தைக் கிளறிக்கொண்டு நின்றது.

“கோழி சுகமாத்தான் நிக்குது,” என்றாள் ஞானேஸ்வரி. அவள் தம்பியைப் பார்க்கவில்லை.

“ஓம். சளிதானே பிடிச்சிருந்தது.”

“சளிதான். நான்தான்… எனக்குத்தான் விளங்கேல்லை.”

“பரவாயில்லை, அக்கா.”

குசினியில் ஞானேஸ்வரி நால்வருக்கும் சோற்றுக் கோப்பை வைத்தாள். உப்புக் குறைத்த தேங்காய்ப்பால் சொதியும் கத்தரிக்காய்க் கறியும் அவள் விடிய எழும்பி வைத்துவிட்டுப் போனவை. சிற்றம்பலம் வழமை போலக் கையை நீட்டி விரலை மடக்கினார். அவருக்குக் கறி வந்தது. மேனுகா, “சோறு கொஞ்சம் காஞ்சுபோய்க் கிடக்குது” என்று சட்டியைப் பார்த்துச் சொன்னாள். அவளுக்குச் சொதி வந்தது. சஜீவன் மற்ற நாட்கள் போலத் தன் கோப்பையைத் தள்ளவில்லை; சுவரையும் பார்க்கவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் தூக்கித் தமக்கைக்கு நேரே பிடித்தான்.

“அக்கா, நீங்கள் தந்ததை நான் வடிவா வைச்சிருக்கிறன்,” என்றான். “இப்ப சொதியும் தாங்கோ.”