ஒரே தள்ளில் மூன்று சுவிட்சு

மாவு மில்லின் கூரையில் சோலார் தகடுகளைப் பொருத்தி மூன்று நாளாகிறது. மூன்று நாளும் காலையில் கிளப்பிய உடனேயே மில் நின்றுபோனது. நான்காம் நாள், தகடு பொருத்திய அவளை முதலாளி வாசலிலேயே மறித்தார்.

"ஏம்மா, இன்னைக்கு மத்தியானத்துக்குள்ள ஓடலைன்னா எல்லாத்தையும் கழட்டிட்டுப் போயிடு. எனக்குப் பழையபடி டீசலே போதும்."

அவள் தனியாக எடுத்துச் செய்யும் முதல் வேலை இது. கழற்றிக்கொண்டு போனால் இந்த ஊரில் வேறு எவன் தன் கூரையில் ஏற விடுவான்? ஆனாலும் அவள் அசரவில்லை. கணக்கு சரி, கம்பி சரி, வெயிலோ மண்டையைப் பிளக்கிறது. தப்பு வேறெங்கோ இருக்கிறது என்று அடித்துச் சொல்வாள். பிடிவாதத்தில் அவளை மிஞ்ச அவள் குடும்பத்தில் ஒருவர்தான் உண்டு. அவர் உள்ளே மாவு படிந்த மீசையோடு நின்றிருந்தார்.

அவளுடைய அண்ணன்தான் மில்லின் எஞ்சின்காரர். டீசல் ஜெனரேட்டரோடு இருபது வருடமாகக் குடித்தனம் நடத்துபவர்.

"வந்துட்டாங்கய்யா வெயில் வியாபாரி! என் எஞ்சின் என்னைக்காவது இப்படி மானத்தை வாங்கியிருக்கா?"

"வாய் கிடக்கட்டும்ணே. தினமும் எப்படிக் கிளப்புவியோ, என் கண்ணு முன்னாடி கிளப்பிக் காட்டு."

அண்ணன் கம்பீரமாகக் கையை நீட்டினார். கோதுமை எந்திரம், அரிசி எந்திரம், சல்லடை, மூன்றின் சுவிட்சையும் ஒரே தள்ளில் போட்டார். மூன்றும் ஒருசேர உறுமின. மறுநொடி, சுவரில் இருந்த இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. எல்லாம் நின்றது.

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே தன்மேலேயே கோபமும் வந்தது. மூன்று நாளாகக் கூரையையே கட்டிக்கொண்டு அழுதவள், ஒரு தடவை இந்தக் கையைப் பார்த்திருக்கக் கூடாதா?

"ஏண்ணே மூணையும் ஒண்ணாப் போடுறே?"

"பின்னே? எஞ்சின் சும்மா ஓடினா டீசல் வீண். கிளப்பின உடனே மூணும் ஓடணும்னு முதலாளி உத்தரவு."

"மோட்டார் கிளம்பும்போதுதாண்ணே ஏகத்துக்கும் கரண்ட்டை இழுக்கும். உன் எஞ்சின் முக்கி முனகித் தாங்கிடுச்சு, இது தாங்காது. வெயிலை யாரு லிட்டர் கணக்குல ஊத்துறா? ஒண்ணு நல்லா ஓட்டம் பிடிச்சதும் அடுத்ததைப் போடு. அவசரமே இல்ல."

அண்ணன் அவளை முறைத்தார். வேண்டாவெறுப்பாக ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருந்தார். பிறகு இரண்டாவது. பிறகு சல்லடை. எதுவும் நிற்கவில்லை.

மத்தியானம் முதலாளி வந்தபோது மூட்டைகள் ஆள் உயரத்துக்கு நின்றன. சூடான மாவை உள்ளங்கையில் ஏந்திப் பார்த்தார். கழற்றுகிற பேச்சையே எடுக்கவில்லை.

"அப்போ இந்த எஞ்சினை என்னப்பா பண்றது?"

அவள் அண்ணனைப் பார்த்தாள்.

"வித்துடுங்க முதலாளி," என்றார் அண்ணன். "பக்கத்துத் தெரு மரமில்காரன் ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டிருக்கான். ஆனா சீக்கிரம் தள்ளி விட்டுடணும். அடுத்த வாரம் அவன் கூரையில என் தங்கச்சி ஏறிடுவா."