சிஸ்பாவின் நோன்பு

சிவாவா நகரத்தில் ரெமெதியோஸின் கோட்டுக்குள் குடியிருந்த சிஸ்பாவை நாய் என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். எடை இரண்டு ஆரஞ்சுப் பழம். கோபம் இரண்டு காளைமாடு. எந்நேரமும் நடுங்கும். பாவம், பயப்படுகிறது என்று நினைத்து நீட்டப்பட்ட விரல்களை வரிசையாக அடுக்கினால் நாட்டு எல்லைவரை தண்டவாளம் போடலாம். ரெமெதியோஸைத் தவிர வேறு யாரையும் அது மனிதப் பிறவியாகவே மதித்ததில்லை. அவளை இரண்டாம் தாரமாகக் கேட்டு வந்தவன் ஆசையாகக் கன்னத்தருகே குனிந்தான். பாதி மீசையோடு ரயிலேறினான்.

இத்தனை வீரத்துக்கும் உச்சந்தலையில் ஒரு குழி. கைக்குழந்தைக்கு இருப்பதுபோல் எலும்பு மூடாத இடம். அங்கே ஒரு சுண்டு சுண்டினால் கதை முடிந்தது. அதனால் ரெமெதியோஸ் அதைத் தரையில் விடுவதே அபூர்வம். குளிருக்குக் கம்பளிச் சட்டை போடுவாள். குருவிக் குஞ்சுக்கு ஊட்டுவதுபோல, நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோழி ஈரல் ஊட்டிக்கொண்டே இருப்பாள்.

மிருகங்களைக் காக்கும் புனிதர் வனத்து அந்தோணியார் திருநாளன்று மட்டும் ஊட்டவில்லை. அன்று கோயில் முற்றத்தில் மிருகங்களுக்குத் தீர்த்தம் தெளிப்பார்கள். பூசையில் நன்மை அப்பம் வாங்குவதற்காக முந்தின இரவிலிருந்தே அவள் வெறும் வயிறு. தான் பட்டினி கிடக்க, தீர்த்தம் வாங்கப் போகிற சிஸ்பா மட்டும் ஏப்பம் விட்டுக்கொண்டு வந்தால் புனிதர் என்ன நினைப்பார்?

முற்றத்தில் ஆடு, கழுதை, வான்கோழி, கெட்ட வார்த்தை பேசும் கிளி எல்லாம் ரிப்பன் கட்டி நின்றன. ஓரத்தில் பலகாரக்காரி ஒருத்தி அடுப்பு மூட்டி வெல்லப்பாகு காய்ச்சிக்கொண்டிருந்தாள். கசாப்புக்கடை நிகானோர் தன் சார்ஜென்டோவைச் சங்கிலியில் பிடித்திருந்தார். கன்றுக்குட்டி அளவுக் காவல்நாய். அவருடைய மகனுக்கு ரெமெதியோஸ்தான் ஞானத்தாய். அந்த உறவில் அவர் அவளைக் கொமாத்ரே என்பார். அவள் அவரைக் கொம்பாத்ரே என்பாள்.

"என்ன கொமாத்ரே, உங்க கோட்டுப் பொத்தான் குரைக்குது?"

"உங்க எருமைய ஓரமா நிறுத்துங்க கொம்பாத்ரே. என் பொண்ணு காலையில இருந்து பட்டினி. முழுசா முழுங்கிருவா."

"முழுங்கட்டும். பல்லு குத்த நான் எலும்பு தர்றேன்."

சொல்லி வாய் மூடவில்லை. கோட்டுக்குள்ளிருந்து துப்பாக்கிக் குண்டாகப் பாய்ந்த சிஸ்பா, சார்ஜென்டோவின் மூக்கில் தொங்கியது. சார்ஜென்டோ போட்ட ஊளையில் மணிக்கூண்டின் மணி தானாக அடித்தது. இரத்தம் தெறிக்க அது தலையை உதறிக்கொண்டு ஓட, தீர்த்த மேசை கவிழ்ந்தது, கழுதை உதைத்தது, சாமியார் பறந்துபோய் வான்கோழிகள்மேல் விழுந்தார்.

நிகானோர் தடியை ஓங்கினார்.

"அடிக்காதீங்க! தலையில குழி இருக்கு!"

தடி இறங்கியது சாமியாருக்குப் பூசையில் உதவும் கோயில்பிள்ளையின் மண்டையில். மண்டை பிளந்த அண்ணனைப் பார்த்துத் தம்பிமார் பாய்ந்தார்கள். யார் யாரை அடிக்கிறோம் என்று கேட்கக்கூட ஒருவருக்கும் பொறுமையில்லை. பல் விழுந்தது, விலா முறிந்தது, ஒருவன் காது இன்னொருவன் வாயில் இருந்தது. கிளி ஒவ்வொருவர் தாயையும் தனித்தனியாக விசாரித்தது.

அந்தக் களேபரத்தின் நடுவில் சிஸ்பா தரையில் கிடந்தது. கண் செருகி, நாக்கு தள்ளி, உடம்பு சில்லிட்டு. அந்த நடுக்கம்கூட இல்லை.

ரெமெதியோஸுக்கு உலகம் அறுந்து விழுந்தது. "டேய் கொலைகாரா!" தீர்த்த வாளியைச் சுழற்றி நிகானோர் முகத்தில் ஒரே போடு. மூக்கு உடைந்து அவர் மல்லாக்க விழ, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, பலகாரக்காரியின் அடுப்பிலிருந்து பழுக்கக் காய்ந்த இரும்புச் சட்டுவத்தை உருவி அவர் கண்ணுக்கு நேரே பிடித்தாள்.

"என் பொண்ணு தலையில அடிச்சியாடா?"

"ஆத்தா சத்தியமா படலம்மா!" இரத்தக் குமிழோடு அலறினார். "கொஞ்சம் இரு... காலையில இருந்து பட்டினின்னு சொன்னியே, நிஜமாவா?"

"ராத்திரியில இருந்தே. நோன்பு."

"நாய்க்கா? அறிவு கெட்டவளே, அது என்ன நன்மை வாங்கவா வந்துச்சு? எங்கம்மா இந்த ஜாதியில ஏழு வளர்த்தாங்க. வேளைக்குத் திங்கலைன்னா விளக்கு அணைஞ்ச மாதிரி படுத்துரும். வெல்லப்பாகு! ஈறுல தடவு!"

ரெமெதியோஸ் சட்டுவத்தை வீசிவிட்டுப் பலகாரக்காரியின் பாகுச் சட்டியில் விரலை விட்டாள். சூடு சுட்டது. ஊதி ஊதி, அந்த எறும்பு வாயைத் திறந்து ஈறில் தடவினாள். நிகானோர் தவழ்ந்து வந்து, தொப்பியைக் கழற்றி, சிஸ்பாவை அதற்குள் வைத்துக் கதகதப்பாகப் பொத்திக்கொண்டார். சுற்றிலும் அடிதடி ஓயவில்லை. அவர் முதுகில் விழுந்த செருப்பை அவர் பார்க்கவில்லை.

மீண்டும் தடவினாள். ஒரு காது துடித்தது. பிறகு மீசை. பிறகு, அப்பாடா, அந்த நடுக்கம்!

சிஸ்பா கண்ணைத் திறந்தது. எதிரே நிகானோரின் கட்டைவிரல். கவ்வியது.

"ஐயோ! விடச் சொல்லுங்க கொமாத்ரே!"

"இழுக்காதீங்க கொம்பாத்ரே, பல்லு ஆடிரும்! தட்டியும் விடாதீங்க, குழி இருக்கு!"

மாட்டை ஒரே வெட்டில் சாய்க்கும் நிகானோர், உடைந்த மூக்கு ஒழுக, விரலைக் கொடுத்தபடி அசையாமல் மண்டியிட்டிருந்தார்.

"எப்ப விடுவா?"

"பசி ஆறினதும்" என்றபடி ரெமெதியோஸ் அவருடைய கட்டைவிரலில் இன்னும் கொஞ்சம் பாகு ஊற்றினாள்.