ழுலியேத்தின் பிரான்ஸ் பென்சில்

எனக்குப் பொறாமைதான். ஒளிக்க என்ன இருக்கு? மாதா திருநாளுக்கு ஏழு வருஷமா பீடத்துணியில தையலுக்குப் பூக்கொடி வரைஞ்சு குடுத்தவ இந்த சலோமி. எங்க ஊர் நெரவியிலேர்ந்து கான்வென்ட்டுக்கு நடந்தே வந்து வரைவேன். எழுபத்தெட்டுல கான்வென்ட் மதர் ஒரே வார்த்தையில முடிச்சிட்டாங்க: "இந்தத் தடவை ழுலியேத் வரையட்டும்."

ழுலியேத்துக்கு இருபத்திரண்டு வயசு. அப்பா பிரெஞ்சு சர்க்கார் பென்ஷன்காரர், அண்ணன் பாரிசுல. அவன் ரெண்டு பென்சில் அனுப்பியிருந்தான். ஒண்ணுல அவ காகிதத்துல வரைஞ்ச மாதிரியைப் பார்த்துதான் மதர் மயங்கிட்டாங்க. இன்னொண்ணைச் சீவாமலே துணிக்குன்னு பத்திரமா வச்சிருந்தா.

போதாக்குறைக்குக் கதை வேற. "முதல்ல இங்கிலீஷ்காரன் மண்ணுலதான்க்கா நல்ல பென்சில் கரி கெடைச்சுது. அத வச்சு ஆட்டுக்கு அடையாளம் போடுவாங்களாம். சண்டை வந்து அது பிரான்சுக்கு வராம நின்னு போச்சு. எங்காளு, பிரெஞ்சுக்காரரு ஒருத்தரு, கரித்தூள்ல களிமண்ணக் கலந்து சுட்டாரு. இன்னிக்கு உலகமே அப்படித்தான் செய்யுது."

எங்காளாம்! களிமண்ணு எங்க நெரவியில இல்லாததா? அந்தப் பென்சில் மட்டும் என்கிட்ட இருந்தா இவ எங்கே, நான் எங்கேன்னு உள்ளுக்குள்ள பொருமினேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கான்வென்ட் தையல் அறையிலேர்ந்து அவ தண்ணி குடிக்கப் போனா. சீவாத பென்சிலை எடுத்து ரவிக்கையில சொருகிட்டேன். ஆமா, திருடினேன்.

மறுநாள் காலையில பூசைக்குக் கிளம்புமுன்ன அதைச் சீவி, பழைய தலையணை உறையில வரைஞ்சு பார்த்தேன். துணியில வரையறப்ப முனையை நாக்குல தொட்டுத் தொட்டுத்தான் வரைவோம், அப்பதான் கோடு அழுத்தமா விழும். பார்க்கக் கறுப்பு, தொட்டு வரைஞ்சா ஊதா! அட, இதுக்குக் கலர் வேறயான்னு வயிறு இன்னும் எரிஞ்சுது. ஒரு ரோஜா முடியுறவரைக்கும் நக்கினேன்.

கோயில்ல சாமியார் தர்ற நன்மை அப்பம் வாங்க முழங்கால் போட்டு நாக்கை நீட்டினேன். சாமியார் கை ஒரு நிமிஷம் அப்படியே நின்னுது. பக்கத்துல முழங்கால் போட்டிருந்த ழுலியேத் எட்டிப் பார்த்தா.

வெளியில வந்ததும், எனக்கு அந்தப் பக்கம் நன்மை வாங்கின லூர்தம்மாள் பிடிச்சுக்கிட்டா. "ஏண்டி, நாக்கெல்லாம் ஊதா! நாவப்பழம் தின்னுட்டா நன்மை வாங்கினே?" நன்மைக்கு முன்னாடி ஒரு மணி நேரம் ஒண்ணும் தின்னக்கூடாது. ஆமான்னா பாவி, இல்லேன்னா திருடி.

"நான்தான் என் பென்சிலைக் குடுத்து வரைஞ்சு பாக்கச் சொன்னேன்"னா ழுலியேத். அப்புறம் என்னைத் தனியா இழுத்துட்டுப் போனா. "அக்கா, இது நனைஞ்சா மையா ஊறுற பென்சில். உங்க நாக்கைப் பார்த்தப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. இதால வரைஞ்சு தைச்சுத் துவைச்சிருந்தா பீடத்துணியே பாழாயிருக்கும். நல்லவேளை நீங்க எடுத்தீங்க." கையை வேற பிடிச்சுக்கிட்டா. நாலு வார்த்தை திட்டியிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்.

"பிரான்ஸ் பென்சிலே வேணாம்க்கா. உங்களோடதைக் குடுங்க."

தையல் அறைக்குப் போய்க் குடுத்தேன். பாதி தேஞ்ச, உள்ளூர்க் கடைப் பென்சில். அதை வாங்கி, வெள்ளைப் பீடத்துணியில கையை எடுக்காம ஒரு கொடி ஓட்டினா பாருங்க! இலை ஒவ்வொண்ணும் இப்பதான் துளிர்த்த மாதிரி இருந்துச்சு. ஏழு வருஷமா நான் வரைஞ்ச அதே பென்சில். இனிமே பென்சில் மேல பழி போடக்கூட எனக்கு வழியில்ல. அன்னிக்குப் பட்ட பொறாமையை என் ஆயுசுல பட்டதில்ல.