நிகழ்ச்சி நிரலில் ஜுல்பிகர்

காளவாசலில் மருந்துக்கடை மாடியில் அறக்கட்டளைக் கூட்டம் தொடங்கி வெகு நேரமாகியும் பேச்சு ஃபிளெக்ஸைத் தாண்டவில்லை. ஜுல்பிகரின் நினைவு நாளுக்கு எம்புட்டுப் பெரிய ஃபிளெக்ஸ், அதில் யார் யார் படம்.

"நம்ம படமும் கீழ வட்டத்துக்குள்ள வரட்டும்ணே," என்றார் அழகுபாண்டி.

"உன் படத்தைப் போட்டா வர்றவனும் திரும்பிப் போயிருவான்," என்றார் தலைவர் சேக் இஸ்மாயில். இருவரும் சிரித்தார்கள்.

மூன்றாவது உறுப்பினரான ஃபாயிஸா சிரிக்கவில்லை. அவள் ஜுல்பிகரின் மனைவி, அறக்கட்டளையின் செயலாளர். முன்னால் மூன்றாண்டுத் திட்டம் கிடந்தது. திருப்பரங்குன்றத்துக்கு அப்பாலுள்ள ஊர்களில், படுக்கையோடு கிடப்பவர்களை வீட்டுக்கே போய்ப் பார்க்க ஒரு நர்ஸ். அதைத் தொடங்காமலே இரண்டு வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு கூட்டமும் ஜுல்பிகரில் தொடங்கும். பந்தல், பொன்னாடை, பிரியாணி என்று போய் டீயில் முடியும். இறந்தவர் பேரை எடுத்தபின் போதும் என்று யார் சொல்வது? வருவதாகச் சொன்ன நர்ஸ் தாமரைச்செல்விக்கு இப்போது சென்னையில் வேலை கிடைத்திருந்தது. இன்றைக்குள் பதில் கேட்டிருந்தாள். அந்த ஊர்களுக்குப் போக வேறு ஆள் அகப்படவில்லை.

"அண்ணே, திட்டத்தை எடுப்போம்."

"எடுப்போம்மா. இது முடியட்டும். அவன் காரியம்ல?"

"நினைவு நாள் வேண்டாம்ணே."

இஸ்மாயில் கண்ணாடியைக் கழற்றினார். "அவன் எனக்குத் தம்பி மாதிரி. நீயா வேண்டாங்கிற?"

"நான்தான் சொல்லணும். நீங்க யாரும் சொல்ல மாட்டீக." மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "கடைசி மாசம் அவருக்கு முதுகெல்லாம் புண்ணு. எப்படிப் புரட்டிப் படுக்க வைக்கிறதுன்னு சொல்லித் தர ஒரு ஆளு இல்லை. நீங்க ஆரஞ்சு வாங்கிட்டு வந்தீக."

"அதைச் சொல்லிக் காட்டணுமாக்கும்," என்றார் அழகுபாண்டி. "ஒரு நாள் சோறு போடுறது குத்தமா?"

"குத்தமில்லண்ணே. அதைப் பேசிப் பேசியே இந்த வருசமும் போயிரும். நர்ஸை வைக்கிறதா இல்லையா? இப்பவே கையைத் தூக்குங்க."

அவள் கை தூக்கினாள். அழகுபாண்டி இஸ்மாயிலைப் பார்த்தார். இஸ்மாயில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அழகுபாண்டியின் கை தோள்வரை வந்து நின்றது. பிறகு மேலே போனது.

"மூணுல ரெண்டு. எழுதிக்கோ," என்று எழுந்தார் இஸ்மாயில். "நான் சேரலைன்னும் எழுது."

டீ குடிக்காமல் படியிறங்கிப் போனார். "அண்ணே, நில்லுங்க," என்று அழகுபாண்டி பின்னாலேயே ஓடினார்.

ஃபாயிஸா தாமரைச்செல்வியைப் போனில் கூப்பிட்டாள்.

"தலைவர் ஒத்துக்கிட்டாராக்கா?"

"தீர்மானம் ஆயிருச்சு," என்றாள் ஃபாயிஸா. "நீ வா."