ராக்கெட்டின் ஓடு

ஆமைக்கு ராக்கெட் என்று பெயர் வைத்தது மகள் சுகிர்தா. அவள் வேலூருக்கு நர்சிங் படிக்கப் போனபிறகு அதைப் பார்த்துக்கொள்வது பிரின்சியின் பொறுப்பு. வாங்கி வந்தபோது பச்சைப் பசேலென்று, மஞ்சள் கோடுகளோடு இருந்த ஓடு, இப்போது அடுப்புக்கல் மாதிரி மங்கிக் கிடந்தது. கிறிஸ்துமஸுக்கு வரும் மகளுக்கு என்ன பதில் சொல்வது என்று பிரின்சிக்கு ஒரே கவலை.

கணவன் ஜோஷ்வாவுக்கு அந்தக் கவலை இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், பம்பு செய்யும் கம்பெனியில் அவன் பெயின்டர். மங்கலான எதைக் கண்டாலும் கை சும்மா இருக்காது. அந்தக் கைமேல் பிரின்சிக்குக் கொள்ளைப் பெருமை. அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அவன் ராக்கெட்டைத் துடைத்து வார்னிஷ் அடித்தபோது, அவளும் பக்கத்தில் நின்று ரசித்தாள்.

"ஷோரூம் பீஸு மாதிரி கீது பாரு" என்றான். அப்படித்தான் இருந்தது. பம்புக்கும் உயிருக்கும் வித்தியாசம் தெரியாத இரண்டு அறிவாளிகள், வேறென்ன சொல்ல?

மறுநாளிலிருந்து ராக்கெட் தீனியைத் தொடவில்லை. தலையை வெளியே நீட்டவும் இல்லை. பக்கெட்டில் வைத்துப் பொன்னேரி மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

"ஓடும் அதுக்கு உடம்புதாம்மா. வெயிலே படாம அடைச்சி வச்சிக்கிறீங்க" என்றார் டாக்டர். "தின்னர் போட்டா செத்துடும். சுரண்டவும் கூடாது. நல்ல தண்ணி, காலை வெயிலு, கீரை குடுங்க. மேல் செதிலு தானா உரியணும். பொழைச்சா அதிர்ஷ்டம்."

எந்தப் பெயின்டையும் தின்னர் துணியால் ஒரே இழுப்பில் துடைத்தெடுக்கிற மனிதன், அன்றிலிருந்து மொட்டை மாடியில் பழைய பல் பிரஷைத் தண்ணீரில் தொட்டு ஓட்டை மெல்லக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். ராக்கெட் ஏறி வெயில் காயச் செங்கல் அடுக்கினான்; சுட்டால் ஒதுங்க ஒரு பலகையும் சாய்த்து வைத்தான். நைட் ஷிப்ட் முடிந்து வந்த காலைகளிலும் நேரே மாடிக்குத்தான்.

"தூங்காம கண்ணு செவந்து கெடக்குது. நான் பாத்துக்கறேன், நீங்க போங்க" என்றாள் பிரின்சி.

"பூசினது நானு" என்றான்.

ஒருநாள் செதிலொன்று ஓரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். அவன் விரல் கிட்டே போய், அப்படியே திரும்பி வந்தது. கையைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ஆள்வது இருக்கட்டும், பொறுப்பது எத்தனை பாடு என்று பிரின்சி அன்று கண்ணால் பார்த்தாள். கைத்திறமையைவிட இது பெரிது என்று அவளுக்குத் தோன்றியது.

செதில் தானாகவே விழுந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும். அடியில் இளம் நாற்றின் பச்சை, மஞ்சள் கோடுகள். ராக்கெட் கழுத்தை நீட்டி அரைக்கீரையைக் கவ்வியபோது பிரின்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சுகிர்தா வந்ததும் வராததுமாக மாடிக்கு ஓடினாள். "இன்னாப்பா போட்டீங்க, இப்டி மின்னுது?"

புதுத் தீனி என்று சொல்லிச் சமாளிக்கப் பிரின்சி வாயெடுத்தாள். ஜோஷ்வா முந்திக்கொண்டான்.

"நான் போட்டது அத்த சாவடிக்கத்தாம்மா பாத்துச்சு. வார்னிஷ் அடிச்சிட்டேன். இது அதுவா கொண்ணாந்த கலரு. திட்டணும்னா திட்டிக்கோ."

மகள் ராக்கெட்டின் ஓட்டை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நானுந்தான் பக்கத்துல நின்னு வேடிக்க பாத்தேன்" என்றாள் பிரின்சி.

சுகிர்தா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ராக்கெட்டைத் தூக்கி அப்பாவின் கையில் வைத்தாள்.

"லீவு முடிஞ்சி நான் போனப்புறமும் நீங்களே பாத்துக்கங்கப்பா" என்றாள்.