கொசுறு மண்

இலுப்பூர்க் கடைத்தெருவில் தானியக் கடை வைத்திருப்பவரின் மகள் மண்ணை மூட்டை கட்டித் தண்ணீரில் கரைக்கிறாள் என்றால் ஊர் சிரிக்காமல் என்ன செய்யும்? நாஜியாவும் சிரித்துக்கொண்டேதான் கரைத்தாள். அவள் படித்த படிப்பு அப்படி. அகழாய்வுக் குழியில் எடுத்த மண்ணை டிரம் தண்ணீரில் கொட்டிக் கலக்கினால், பழங்காலத்தில் தீய்ந்து கரியான தானியம் மேலே மிதக்கும். மெல்லிய துணியில் வடித்து எடுத்துப் பார்த்து, அந்தக் காலத்து ஆள் என்ன விதைத்தான், என்ன தின்றான் என்று சொல்லிவிடுவாள்.

ஊருக்கு வெளியே இருந்த மேட்டில், குழியின் அடிமட்டத்தில் ஓர் அடுப்பு தட்டுப்பட்டிருந்தது. பக்கத்தில் கிடந்த பானை ஓடுகளை வைத்து அதற்கு ஈராயிரம் வயது என்று மதித்திருந்தார்கள். அகழாய்வு இயக்குநர் நிலவழகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டார்: "நாளைக்குக் காலையில வாரேன். அந்த அடுப்பு மண்ணுல பயிர் ஏதாச்சும் இருந்தா குழி தொடரும். இல்லேன்னா மூடிட்டு வேற மேட்டுக்குப் போயிருவோம்." நாஜியாவின் ஆராய்ச்சி முழுவதும் அந்த அடுப்பை நம்பித்தான் இருந்தது.

அன்று மாலை டிரம்மில் கொள்ளு மிதந்தது.

"அமராவதிக்கா! கொள்ளு, கொள்ளு!"

குழியில் மண் அள்ளிப் பையில் கட்டித் தரும் அமராவதி, முன்பு சந்தையில் பயறு விற்றவள். சரக்கைப் பார்க்கும் கண்ணால் எட்டிப் பார்த்தாள்.

"இதுக்கா இந்தக் கூத்து? ஒங்க அத்தா கடையில மூட்டை மூட்டையாக் கெடக்கு. அங்கிட்டுப் போயிப் பாக்க வேண்டியதுதான பாப்பா?"

"அது போன வருசத்து கொள்ளுக்கா. இது ராசா காலத்துது."

"அப்ப வண்டு விழுந்திருக்கும். வெலை போகாது."

நாஜியா சிரித்தபடி லென்ஸை வைத்துப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கொள்ளுக்கு நடுவே தட்டையாக, கரியாக, ஒரு மிளகாய் விதை. மிளகாய் கப்பலேறி இந்த நாட்டுக்கு வந்தே ஐந்நூறு ஆண்டுதான் ஆகிறது. ஈராயிரம் வயது அடுப்பில் அதற்கு என்ன வேலை?

"அக்கா, இந்த மண்ணுல வேற எதையும் கலந்தீங்களா?"

"கலப்படமா? நானா?" அமராவதிக்கு மூக்கு சிவந்துவிட்டது. "கொசுறுதான் போட்டேன்."

"கொசுறா?"

"பின்ன? பக்கெட்டு மண்ணைத் தலைதட்டியா குடுப்பாக? ஒரு பிடி அள்ளி மேல போட்டாத்தான வாங்குறவுக மனசு குளிரும். நீயும் சாம்பலக் கண்டா பல்லைக் காட்டுற. அதான் நம்ம சோத்து அடுப்புல நல்ல சாம்பலாப் பாத்துப் போட்டேன்."

நாஜியா, குழியில் வேலை செய்கிறவர்களுக்குச் சமைக்கும் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். முந்தாநாள் அந்தச் சோற்று அடுப்பில்தான் துவையலுக்குக் கொள்ளும் மிளகாயும் வறுபட்டன. போனில் பேசிக்கொண்டே அதைத் தீய்த்தவள் நாஜியா. தீய்ந்ததை அடுப்பிலேயே தட்டிவிட்டவளும் அவளேதான். மிதந்த கொள்ளு ராசா காலத்ததா, துவையல் காலத்ததா, யார் கண்டது?

திட்டவும் வாய் வரவில்லை. அத்தா கடையில் கொசுறு போடாமல் ஒரு பொட்டலம் மடிந்ததில்லை. அந்த மிளகாய் விதையை மட்டும் நகத்தால் தள்ளிவிட்டால் யாருக்கும் தெரியாது என்று ஒரு நினைப்பும் வந்தது. வந்த வேகத்திலேயே அதை விரட்டினாள்.

காலையில் நிலவழகன் ஜீப்பை விட்டு இறங்கியதும் அவள் அத்தாவின் வியாபார உத்தியைக் கையாண்டாள். சொத்தையை முதலில் காட்டிவிட்டால், வாங்க வந்தவன் மிச்சச் சரக்கை நம்பிப் பார்ப்பான்.

"சார், மொதல்ல இதைப் பாருங்க. மிளகா வெதை." கதையை ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் துவையல் வரைக்கும் சிரித்தார். அதன்பின் சிரிக்கவில்லை. "அப்ப எல்லாப் பையும் கெட்டுப்போச்சு. மூடிர வேண்டியதுதான்."

"எல்லாப் பையும் இல்லைங்க," என்று பின்னாலிருந்து அமராவதியின் குரல் இழுத்தது. "நெறஞ்ச பைக்குத்தான் கொசுறு போட்டேன். கடைசியில அரை பக்கெட்டுதான் தேறுச்சு. குறை அளவுக்கு மேல கொசுறு போட்டா, வாங்குறவுகளக் கேலி பண்ற மாதிரில்ல? அதைக் குடுக்கவே வெக்கமாப் போச்சு. சாக்குக்கு அடியில ஒளிச்சு வெச்சிருக்கேன்."

"எடுத்துட்டு வாங்கக்கா!" நாஜியா போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காகம் பறந்தது.

டிரம்மைக் கழுவிப் புதுத் தண்ணீர் பிடித்து, அந்த அரைப் பையைக் கொட்டிக் கலக்கினாள். முதலில் வேர் மிதந்தது. பிறகு கரித்துண்டு. நிலவழகன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் கறுப்பாக, குட்டியாக, ஒரு கொள்ளு எழுந்து வந்தது. அதன் பின்னால் இன்னும் நாலைந்து. லென்ஸை வாங்கி அவரே துணியை ஒரு மூலை விடாமல் தேடினார். மிளகாய் இல்லை.

"வயசை லேப் சொல்லட்டும்," என்றார். "அதுவரைக்கும் ஒரு மாசம் தோண்டுங்க."

"மூணு மாசம் சார்."

"ரெண்டு. அதுக்கு மேல கேக்காதீங்க."

நாஜியாவுக்கு மனதில் இருந்ததும் ரெண்டுதான். ஆனாலும் நட்டப்பட்டவள்போல முகத்தைத் தொங்கப் போட்டுத் தலையாட்டினாள். அமராவதி விடவில்லை.

"சார், கொசுறு?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு வாரம் கூட்டினார்.

அன்றிலிருந்து அமராவதி பக்கெட்டைத் தலைதட்டியே அளந்து கொடுத்தாள். தட்டும்போது மட்டும், சந்தையில் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்பதுபோல, முகத்தை அங்கிட்டுத் திருப்பிக்கொண்டாள்.